மணிலா விரிகுடாவின் தீவுக் கோட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், கொரெஹிடோர் என்ற பெயர் வந்தவுடன் அதே சந்தேகங்கள் வரிசை கட்டி வருகின்றன. நேரில் கேட்கிறார்கள், வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கொரெஹிடோர் எங்க இருக்கு? அது கோட்டையா, தீவா?

பிலிப்பைன்ஸில், மணிலா விரிகுடாவின் வாசலில் இருக்கிறது. தலைப்பிரட்டை வடிவத்தில் ஒரு பாறைத் தீவு. நீளம் ஆறு கிலோமீட்டர் சொச்சம். அகன்ற தலை மேற்கே கடலைப் பார்க்கும், வால் கிழக்கே மணிலா பக்கம் மெலிந்து போகும். வடக்கே பட்டான் தீபகற்பம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரத்தில். தெற்கே கவிட்டே கரை, அதைவிட மூன்று மடங்கு தூரம். இந்தத் தீவின் மேல் அமெரிக்கர்கள் கட்டிய ராணுவ நிலையத்துக்கு ஃபோர்ட் மில்ஸ் என்று பெயர்.

ஆனால் இது தனிக் கோட்டை இல்லை. வாசலில் இன்னும் மூன்று தீவுகள் உண்டு: கபால்யோ தீவில் ஃபோர்ட் ஹியூஸ், எல் ஃப்ரைலேயில் ஃபோர்ட் டிரம், கவிட்டே கரையை ஒட்டிய கரபாவ் தீவில் ஃபோர்ட் ஃபிராங்க். நான்கையும் ஒரே பூட்டின் நான்கு நாக்குகளாக நினைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

பேட்டரி, பேட்டரின்னு சொல்றீங்களே, அது என்ன?

ஒரே தளத்தில், ஒரே அதிகாரியின் கட்டளைக்குக் கீழ் சேர்ந்து சுடும் பீரங்கிகளின் தொகுதி. இரண்டு பீரங்கி இருந்தாலும் பேட்டரிதான், எட்டு இருந்தாலும் பேட்டரிதான். குண்டுக் கிடங்கு, குறி கணக்கிடும் அறை, ஆட்கள் எல்லாம் அதில் சேர்த்தி. கொரெஹிடோரில் மட்டும் 23 பேட்டரிகள், 56 கரையோரப் பீரங்கிகளும் மார்ட்டர்களும் இருந்தன. ஹெர்ன், வே, கியரி, க்ராக்கெட், வீலர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ராணுவ அதிகாரியின் பெயர்.

கப்பல்லயே பெரிய பீரங்கி இருக்குமே, கரைல வச்சு என்ன பிரயோஜனம்?

கப்பல் ஆடும், தரை ஆடாது. கரையில் இருப்பவனுக்குத் தன் பீரங்கி நிற்கும் இடம் அங்குல சுத்தமாகத் தெரியும். எதிரே தெரிகிற ஒவ்வொரு பாறைக்கும் உள்ள தூரத்தை முன்கூட்டியே அளந்து வைத்திருப்பான். கரைப் பீரங்கியின் மேல் ஒரு குண்டு விழுந்தால் ஒரு பீரங்கி போகும். கப்பலில் விழுந்தால் மொத்தக் கப்பலும் மூழ்கலாம். அதனால்தான் பலமான கரைப் பீரங்கிகளுக்கு முன்னால் போர்க்கப்பலைக் கொண்டுபோய் நிறுத்த எந்தத் தளபதியும் தயங்கினான்.

பூட்டு பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே வாசல் பார்த்திருக்கிறது. 1898 மே 1 அதிகாலை, அமெரிக்கத் தளபதி டூயி இருட்டோடு இருட்டாகத் தன் கப்பல்களை இந்த வாசல் வழியே ஓட்டிவந்தார். அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானியர்கள் எல் ஃப்ரைலேயிலிருந்து சில குண்டுகளைச் சுட்டார்கள், எதுவும் படவில்லை. விடிந்த பிறகு கவிட்டே அருகே ஸ்பானியக் கப்பற்படை அழிந்தது. தாங்கள் நுழைந்த மாதிரி இன்னொருவன் நுழைந்துவிடக் கூடாது என்றுதான் அமெரிக்கர்கள் இத்தனையையும் கட்டினார்கள்.

ஓடுற கப்பலை எப்படிக் குறி பாக்குறது? அப்போ ரேடார்லாம் கிடையாதே?

எல்லாம் முக்கோணக் கணக்குதான். ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு கண்காணிப்பு நிலையங்கள், நடுவே உள்ள தூரம் துல்லியமாகத் தெரியும். குறிப்பிட்ட இடைவெளியில் எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். மணிச் சத்தத்தோடு இரண்டு பேரும் கப்பலின் கோணத்தைப் படித்துத் தொலைபேசியில் சொல்வார்கள். கணக்கறையில் மேசை மேல் விரித்த வரைபடத்தில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் கப்பல். அடுத்த மணிக்கு அடுத்த புள்ளி.

நாலைந்து புள்ளி விழுந்ததும் கப்பலின் வேகமும் போக்கும் பிடிபட்டுவிடும். குண்டு பறக்கும் நேரத்தில் கப்பல் எவ்வளவு நகரும் என்று பார்த்து, அது போய்ச் சேரும் இடத்துக்குச் சுடுவார்கள். பீரங்கி அருகே நிற்பவர்களில் பலர் கப்பலைக் கண்ணால் பார்க்கவே தேவையில்லை. மார்ட்டர் குழியில் இருப்பவர்களுக்குச் சுவரும் வானமும்தான் தெரியும்.

சுட்டதும் பீரங்கியே கீழ போய் ஒளிஞ்சுக்கும்னு சொன்னாங்க. கதைதானே?

கதை இல்லை. க்ராக்கெட், வீலர், செய்னி பேட்டரிகளின் 12 அங்குலப் பீரங்கிகள் எல்லாம் அந்த ரகம்தான். முன்னால் கனத்த கான்கிரீட் மதில். அதற்குப் பின்னால் இரண்டு பெரிய இரும்புக் கைகளின் உச்சியில் பீரங்கிக் குழல். கைகளின் மறுமுனையில், கீழே ஒரு குழிக்குள், பல டன் ஈய எடை தொங்கும். சுட்டவுடன் பின்னுதைப்பில் குழல் பின்னோக்கிச் சாய்ந்து மதிலுக்குக் கீழே இறங்கும், எடை மேலே எழும். அந்த நிலையில் ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். ஆட்கள் மதிலின் மறைவில் நின்று குண்டையும் வெடிமருந்துப் பைகளையும் திணித்துப் பின்வாயை மூடுவார்கள். கொக்கியை விடுவித்தால் எடை இறங்கும், குழல் மதிலுக்கு மேல் எழும். குறி சரிபார்த்துச் சுட்டால் மறுபடி கீழே. கடலில் இருப்பவன் கண்ணுக்குப் பீரங்கி தெரிவதெல்லாம் அந்தச் சில விநாடிகள்தான்.

இதைச் செய்தவர்களின் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இந்த அமைப்பில் குழலை அதிகம் நிமிர்த்த முடியாது. அதனால் குண்டு போகும் தூரம் குறைவு, பாதை தட்டை. மேலும், மதில் முன்பக்கம்தான், தலைக்கு மேலே திறந்தவெளி. ரைட் சகோதரர்கள் பறந்த சில வருடங்களுக்குள் வடிவமைத்துக் கட்டிய கோட்டையில் வானத்திலிருந்து அடி விழும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

மார்ட்டர்னா தோள்ல தூக்கிட்டுப் போற சின்ன குழாய்தானே?

காலாட்படையின் மார்ட்டர் அது. இங்கே இருந்தது 12 அங்குல வாய், 13 டன் அளவுக்கு எடையுள்ள குட்டைக் குழல், ஆழமான கான்கிரீட் குழிக்குள். கியரி பேட்டரியில் எட்டு, வே பேட்டரியில் நான்கு. குண்டு ஒவ்வொன்றும் 300 கிலோவுக்கு மேல். நேரே சுடாமல் குழலை நன்றாக நிமிர்த்தி வானத்தை நோக்கிச் சுடுவார்கள். குண்டு உயரே போய்க் கப்பலின் தலையில் விழும். போர்க்கப்பலுக்குப் பக்கவாட்டுக் கவசம்தான் தடிமன், மேல்தளம் மெல்லிசு. இன்னொரு வசதி, மலைக்குப் பின்னால் இருப்பதையும் அடிக்கலாம். அது முக்கியமான விஷயம், பட்டான் பற்றிய கேள்வியில் வரும்.

கான்கிரீட் கப்பல்னு ஒரு போட்டோ சுத்துது. அது நிஜமா, ஃபோட்டோஷாப்பா?

நிஜம். அதுதான் ஃபோர்ட் டிரம். எல் ஃப்ரைலே என்ற சின்னப் பாறைத் தீவை 1909 முதல் நீர்மட்டம் வரை வெட்டித் தட்டையாக்கி, அதன்மேல் முழுக்கக் கான்கிரீட்டில் கட்டினார்கள். நீளம் 350 அடி, அகலம் 144 அடி, நீருக்கு மேல் உயரம் 40 அடி. கூரை 20 அடி தடிமன், சுவர்கள் அதைவிடக் கூடுதல். மேலே இரண்டு கவசச் சுழல்கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு 14 அங்குலப் பீரங்கிகள். பக்கச் சுவர்களுக்குள் நான்கு 6 அங்குலப் பீரங்கிகள். போர்க்கப்பலில் இருப்பது போன்ற கம்பிக்கூண்டுக் கோபுரம் ஒன்றும் உண்டு. நகராத கப்பல், அவ்வளவுதான்.

1942-ல் மாதக்கணக்கில் ஜப்பானியக் குண்டுகள் இதன் மேல் விழுந்தன. கான்கிரீட் பல அடி பெயர்ந்தது, ஆனால் உள்ளே துளைக்கவில்லை. சரணடைந்த நாள் வரை சுழல்கோபுரங்கள் சுட்டுக்கொண்டுதான் இருந்தன. பிறகு உள்ளே இருந்தவர்களே பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். நான்கு கோட்டைகளில் நோக்கத்துக்கு மிகச் சரியாகக் கட்டப்பட்டது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பீரங்கி மட்டும்தானா? ராத்திரி சத்தமில்லாம ஒரு கப்பல் நுழைஞ்சா?

தேடுவிளக்குகள் இருந்தன. அதைவிட முக்கியமாகக் கண்ணிவெடிகள் இருந்தன. கடலடியில் கம்பியால் இணைத்து, கரையில் ஓர் அறையிலிருந்து விசையைத் தட்டி இயக்கும் வகை. நம் கப்பல் வந்தால் அணைத்து வைக்கலாம், எதிரி வந்தால் வெடிக்க வைக்கலாம். நடுவே கப்பல்கள் போய்வர ஒரு தடம்.

அதில் நடந்த பெரும் துயரம் 1941 டிசம்பர் 17 நள்ளிரவைத் தாண்டி. மணிலாவிலிருந்து மக்களை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பிய பயணிக் கப்பல், அதன் பெயரும் கொரெஹிடோர்தான், கண்ணிவெடியில் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். எதிரிக்காக வைத்தது ஊர்க்காரர்களைக் கொன்றது.

விமானம் வந்த பிறகாவது கூரை போட்டிருக்கலாமே? இருபது வருஷம் என்ன பண்ணினாங்க?

நியாயமான கேள்வி. 1922-ல் கையெழுத்தான வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் கையைக் கட்டிவிட்டது. பசிபிக்கில் பிலிப்பைன்ஸ் உட்படப் பல இடங்களில் கோட்டைகளைப் பலப்படுத்தக் கூடாது, இருக்கிறபடி விட வேண்டும் என்பது அதன் 19-ஆம் பிரிவு. ஒப்பந்தம் 1936 முடிவில் காலாவதியானது. அதற்குள் பிலிப்பைன்ஸுக்குச் சுதந்திரம் தருவதென்று முடிவாகிவிட்டது. விட்டுப் போகப்போகிற வீட்டுக்கு யார் செலவழிப்பார்கள்? ஒப்பந்தத்துக்குச் சற்று முன்பு முடிந்த ஹெர்ன், ஸ்மித் பேட்டரிகள்தான் இருந்ததிலேயே புதியவை.

அந்தக் காலத்தில் உருப்படியாக நடந்த வேலை மாலிண்டா சுரங்கம். குன்றைக் குடைந்து 800 அடிக்கு மேல் நீளமான ஒரு நடுப்பாதை, இருபுறமும் கிளைகள். பிலிபிட் சிறைக் கைதிகளை வைத்து, சொற்பப் பணத்தில், கிடங்கு என்ற பெயரில் தோண்டினார்கள். போரில் அதுவே மருத்துவமனை, தலைமையகம், எல்லாம். பிலிப்பைன்ஸ் அதிபர் கெஸோன் இரண்டாம் முறை பதவியேற்றதும் 1941 டிசம்பர் 30 அன்று அந்தச் சுரங்க வாசலில்தான்.

பீரங்கியெல்லாம் தப்பான பக்கம் பார்த்துட்டு இருந்துச்சாமே?

அது சிங்கப்பூரைப் பற்றிச் சொல்வது, இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூருக்கும் அது முழு உண்மை இல்லை. சாங்கியில் இருந்த ஜொகூர் பேட்டரியின் 15 அங்குலப் பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பி ஜொகூர் பாருவை நோக்கிச் சுட்டன. குறை இருந்தது குண்டில்தான். கப்பல் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள் மண்ணில் ஆழமாகப் புதைந்துதான் வெடிக்கும், காலாட்படைக்குப் பெரிய சேதம் வராது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்ததற்குப் பீரங்கியின் திசையைக் காரணம் காட்டுவது, உண்மையான காரணங்களைப் பேசாமல் தப்பிக்க வசதியான வழி.

கொரெஹிடோரில் பீரங்கிகள் கடலைப் பார்த்தன என்பது சரி. எதிரி கடல் வழியாகத்தான் வருவான் என்று வைத்த இடத்தில் வேறு எங்கே பார்க்கும்?

சரி, பட்டான் மூணு கிலோமீட்டர்தானே? அங்க ஜப்பான்காரன் பீரங்கி வச்சப்போ அடிச்சு நொறுக்கியிருக்கலாமே?

இதுதான் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி. 1942 ஏப்ரல் 9 அன்று பட்டான் சரணடைந்தது. அதன் பிறகு ஜப்பானியர்கள் 240 மில்லிமீட்டர் ஹவிட்சர்கள் (உயரச் சுட்டு மேலிருந்து குண்டை இறக்கும் பீரங்கிகள்) உட்படத் தங்கள் பீரங்கிகளைப் பட்டான் மலைச்சரிவுகளின் மறைவில் நிறுத்தினார்கள். மறையும் பீரங்கிகளின் தட்டையான பாதையைப் பற்றி மேலே சொன்னேன். அவற்றால் மலை முதுகைத் தாண்டி அடிக்க முடியாது, பெரும்பாலானவை அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது. ஹெர்ன் பேட்டரியின் ஒற்றைப் பீரங்கி முழு வட்டம் சுற்றும். பட்டான் மேல் சுடவும் செய்தது. ஆனால் அது திறந்த வட்டத் தளத்தில் நின்றது, மேலே பறக்கும் விமானத்துக்கு நல்ல குறி.

மிஞ்சியவை மார்ட்டர்கள். உயரச் சுடலாம், எந்தப் பக்கமும் சுடலாம். அவையும் உடனே சுடவில்லை. பட்டானில் பல்லாயிரம் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் வீரர்கள் கைதிகளாக நடத்திச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனைகளும் அங்கேயே. ஜப்பானியர்கள் அவற்றின் அருகிலேயே பீரங்கிகளை வைத்தார்கள். நம்மாட்கள் மேலேயே குண்டு விழும் என்று அமெரிக்கத் தளபதி வெயின்ரைட் முதல் சில நாட்கள் அந்தப் பகுதியில் சுடத் தடை போட்டார். அந்த இடைவெளியில் எதிரி நிலைகொண்டுவிட்டான். அவருடைய இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வேறு முடிவு எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கியரி பேட்டரி வெடிச்சதுன்னு சொல்வாங்களே, என்ன ஆச்சு?

1942 மே 2. பட்டானிலிருந்து வந்த 240 மில்லிமீட்டர் குண்டு ஒன்று கியரியின் கான்கிரீட்டைப் பிளந்து வெடிமருந்துக் கிடங்குக்குள் போனது. தீவே குலுங்கியது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். 27 பேர் இறந்தார்கள். 13 டன் மார்ட்டர் குழல் ஒன்று 150 கஜம் பறந்து போய்க் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. ஒரு விஷயம் கவனியுங்கள்: கடலிலிருந்து தட்டையாக வரும் குண்டைத் தாங்கத்தான் அந்தச் சுவர்கள் கட்டப்பட்டவை. ஹவிட்சர் குண்டு தலைக்கு மேலிருந்து இறங்கியது. கப்பல்களுக்கு இவர்கள் வைத்திருந்த வைத்தியம் இவர்களுக்கே திரும்பி வந்தது.

மற்றத் தீவுகளும் தப்பவில்லை. ஃபோர்ட் ஃபிராங்க் கவிட்டே கரையிலிருந்து சில நூறு மீட்டர்தான். மார்ச் 21 அன்று ஒரு குண்டு சுரங்கக் கூரையைத் துளைத்து வெடித்தபோது, உள்ளே தடுப்பூசிக்காக வரிசையில் நின்றிருந்த 28 பேர் இறந்தார்கள்.

கடைசியா எப்படி விழுந்துச்சு?

மே 4 ஒரு நாளில் மட்டும் தீவின் மேல் சுமார் 16,000 குண்டுகள் விழுந்ததாகக் கணக்கு. மே 5 இரவு ஜப்பானியர்கள் வால் பகுதியில் இறங்கினார்கள். நீரோட்டம் படகுகளை நினைத்த இடத்திலிருந்து தள்ளிவிட்டது, கரையில் இருந்த சிறு பீரங்கிகளிடம் கடும் அடி வாங்கினார்கள். ஆனாலும் கால் ஊன்றிவிட்டார்கள். காலையில் டாங்கிகளும் இறங்கின. ஆயிரம் காயம்பட்டவர்கள் கிடக்கும் மாலிண்டா சுரங்க வாயில் டாங்கி வந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்த வெயின்ரைட், மே 6 நண்பகலில் வெள்ளைக்கொடி ஏற்றினார்.

அந்த இரவில் வே பேட்டரியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த அந்த மார்ட்டர்களை ஏப்ரல் கடைசியில் மேஜர் மஸ்ஸெல்லோவின் ஆட்கள் மறுபடி உயிர்ப்பித்தார்கள். நான்கில் மூன்று ஒவ்வொன்றாகப் போயின. கடைசி ஒன்று மே 6 காலை வரை சுட்டது, பின்வாய் சூட்டில் இறுகித் திறக்க மறுக்கும் வரை. பலத்த காயத்தோடு மஸ்ஸெல்லோ படுத்தபடியே கட்டளை கொடுத்தார்.

ஆக மொத்தம் ஒரு போர்க்கப்பலையும் மூழ்கடிக்காத கோட்டை. தண்டச் செலவுதானே?

இங்கே நான் கொஞ்சம் மாறுபடுவேன். 1942 ஜனவரி 2 அன்று மணிலா ஜப்பானியர் கைக்குப் போனது. ஆனால் தென்கிழக்காசியாவின் அருமையான துறைமுகத்தை மே மாதம் வரை அவர்களால் பயன்படுத்த முடியவில்லை. காரணம் இந்த நான்கு தீவுகள். ஒரு ஜப்பானியப் போர்க்கப்பல்கூட அந்த வாசலில் நுழைந்து பார்க்கவில்லை. கப்பல் வராததே பீரங்கியின் வெற்றி. கொடுத்த வேலையைக் கோட்டை செய்தது. இரண்டு கரையும் வானமும் எதிரி கையில் இருக்கும்போதும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அதற்குக் கொடுக்கப்படாத வேலை.

ஆனால் அதே மாதிரி இன்னொன்றைக் கட்டுவதற்கு இது நியாயம் ஆகாது. அமெரிக்கா 1950-ல் கரையோரப் பீரங்கிப் படையையே கலைத்தது, பிரிட்டன் 1956-ல்.

1945-ல ஜப்பான்காரங்க கையில அதே கோட்டை இருந்துச்சே, அவங்க ஏன் தக்கவைக்கல?

அதே ஓட்டை, அதே மேல்பக்கம். 1945 பிப்ரவரி 16 அன்று அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் மலையுச்சியின் அணிவகுப்பு மைதானத்திலும் கோல்ஃப் மைதானத்திலும் குதித்தார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் யாராவது குதிப்பார்கள் என்று காவலில் இருந்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான ஜப்பானியர்களில் உயிரோடு பிடிபட்டவர்கள் மிகச் சிலர். ஒளிந்திருந்த 20 பேர், போர் முடிந்ததே தெரியாமல், 1946 ஜனவரி 1 அன்று வெளியே வந்து சரணடைந்தார்கள்.

ஃபோர்ட் டிரம் மட்டும் தனிக் கணக்கு. 20 அடிக் கூரையை உடைக்க அமெரிக்கர்கள் முயற்சியே எடுக்கவில்லை. ஏப்ரல் 13 அன்று ஒரு கப்பலிலிருந்து பாலம் போட்டு மேலே ஏறி, காற்றுத் துவாரங்கள் வழியே டீசலும் பெட்ரோலும் கலந்து ஆயிரக்கணக்கான லிட்டர் உள்ளே ஊற்றி, வெடிமருந்து வைத்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு விலகினார்கள். உள்ளே இருந்த அறுபத்துச் சொச்சம் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தீ அணைந்து உள்ளே போகவே பல நாட்கள் ஆனது.

தங்கப் புதையல் இருக்காமே?

தங்கம் போய்விட்டது. மணிலா வங்கிகளின் தங்கத்தைக் கொரெஹிடோருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 1942 பிப்ரவரியில் விமான எதிர்ப்புக் குண்டுகளைக் கொண்டுவந்து இறக்கிய ட்ரவுட் நீர்மூழ்கி, திரும்பும்போது பாரத்துக்கு மணல் மூட்டை கேட்டது. அதற்குப் பதில் தங்கக் கட்டிகளையும் வெள்ளியையும் ஏற்றி அனுப்பினார்கள். மிச்சமிருந்த வெள்ளி பெசோ நாணயங்கள் பல நூறு டன், கபால்யோவுக்கு அருகே கடலில் கொட்டப்பட்டன. அதில் பெரும்பகுதியைப் பின்னாளில் எடுத்துவிட்டார்கள்.

நம்ம சென்னைல எம்டன் குண்டு போட்டப்போ இப்படிப் பீரங்கி எதுவும் இல்லையா?

இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் வந்து தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது கரைப் பீரங்கிகள் திருப்பிச் சுட்டன, ஒன்றும் படவில்லை. அதற்குள் எம்டன் விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிட்டது. பீரங்கி இருப்பது வேறு, மேலே சொன்ன கண்காணிப்பு நிலையமும் கணக்கறையும் கண்ணிவெடியும் சேர்ந்த ஏற்பாடு இருப்பது வேறு. இதே பீரங்கிகள் மணிலா அளவு ஏற்பாட்டோடு இருந்திருந்தால், விளக்கைப் போட்டுக்கொண்டு அவ்வளவு கிட்டே வந்து நிற்க எம்டன் துணிந்திருக்காது.

நேர்ல போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம். கிளம்பும் முன் படகு ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வே பேட்டரியின் மார்ட்டர்கள் இன்னும் குழியிலேயே நிற்கின்றன, இரும்பில் சில்லுகள் பட்ட தழும்புகளோடு. கியரியில் உடைந்த கான்கிரீட்டுக்கு நடுவே குழல்கள் சிதறிக் கிடக்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் இந்த இரண்டையும் ஹெர்னையும் மட்டும் பாருங்கள். ஒன்று கடைசி வரை சுட்டது, ஒன்று வெடித்தது, இன்னொன்று சுற்றிச் சுற்றிச் சுட்டது, வித்தியாசம் இடத்தைப் பார்த்தாலே புரியும். ஃபோர்ட் டிரம்மைப் படகிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய இரும்புக்காக உள்ளே வெட்டி எடுத்துப் பல இடங்களில் தளம் ஓட்டையாகிக் கிடக்கிறது.